சேஃப்டியா, டீகாக்கரா? பிஸ்டல் வாங்குவோருக்குச் சில விடைகள்

அமெரிக்காவில் சட்டப்படி பிஸ்டல் வாங்கிப் பயிற்சிக் களத்துக்கு வரும் தமிழர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்பது, துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள அந்தச் சிறு லீவரைப் பற்றித்தான். சேஃப்டி என்பது, சுத்தியலோ (ஹாமர்) விசையோ (டிரிகர்) இயங்காதபடி பூட்டி வைப்பது. டீகாக்கர் என்பது, பின்னால் இழுபட்டு நிற்கும் சுத்தியலைத் தோட்டா வெடிக்காமல் முன்னால் இறக்கி விடுவது. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்று கேட்டவர்களுக்கும், அதையொட்டி வேறு ஐயங்களை எழுப்பியவர்களுக்கும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி (ஹூஸ்டன்): வணக்கம் ஐயா. முதல் பிஸ்டலாக சிஇசட் 75 வாங்க எண்ணியிருக்கிறேன். கடையில் 75 பி, 75 பிடி என்று இரண்டைக் காட்டினார்கள். ஒன்றில் சேஃப்டி, மற்றதில் டீகாக்கர். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. எதை வாங்கட்டும்?

பதில்: அடிப்படையில் இரண்டும் ஒரே பிஸ்டல்தான் என்பதால், லீவரை மட்டும் வைத்து முடிவெடுக்கும் நல்வாய்ப்பு உங்களுக்கு அமைந்திருக்கிறது. முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: அறையில், அதாவது குழாயின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில், தோட்டா ஏறிய பிறகு, துப்பாக்கி எந்த நிலையில் உறைக்குள் இருக்கப் போகிறது?

75 பி-யின் சேஃப்டியைச் சுத்தியல் பின்னால் இழுபட்டு நிற்கும்போது மட்டுமே போட முடியும். சுத்தியல் கீழே இறங்கியிருந்தால் அந்த லீவர் மேலே ஏறாது. ஆகவே அந்தத் துப்பாக்கியைச் சேஃப்டியுடன் வைத்திருக்க வேண்டுமென்றால், சுத்தியலை இழுத்த நிலையில் பூட்டித்தான் வைத்திருக்க வேண்டும். எடுத்தவுடன் கட்டை விரலால் லீவரைக் கீழே தள்ளிவிட்டால், முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை விசை ஒரே சீராக, குறுகிய இழுப்பாக, இலேசாக இருக்கும். குறி தவறாமல் சுடுவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. ஆனால் பதற்றத்திலும் கட்டை விரல் தன் வேலையை மறக்காத அளவுக்குப் பழக்கம் வேண்டும்.

75 பிடி-யில் தோட்டாவை ஏற்றியதும் லீவரை அழுத்துகிறீர்கள். சுத்தியல் பாதி வழியில் உள்ள ஒரு பள்ளத்தில் வந்து நிற்கிறது. அதன்பின் நீக்க வேண்டிய பூட்டு எதுவும் இல்லை. முதல் குண்டுக்கு விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும். அந்தக் கனம்தான் உங்கள் பாதுகாப்பு. இரண்டாம் குண்டிலிருந்து விசை இலேசாகிவிடும். ஒரே துப்பாக்கியில் இரண்டு வகை இழுப்பைப் பழக வேண்டியிருப்பது இதன் குறை. புதியவர்களில் பலருக்கு முதல் குண்டு இலக்கின் கீழே இறங்கிவிடுவதும், இரண்டாவது குண்டு அவர்கள் நினைப்பதற்கு முன்பே போய்விடுவதும் இதனால்தான்.

என் கருத்தைக் கேட்டால், மாதத்துக்கு ஒரு முறை மட்டுமே களத்துக்கு வர முடிகிறவருக்கு 75 பிடி-யைத்தான் சொல்வேன். நீண்ட முதல் இழுப்பை வீட்டில் வெற்றுத் துப்பாக்கியுடன் பழகிக்கொள்ளலாம். 75 பி-யை வாங்கிவிட்டு, சுத்தியலை இழுத்த நிலையில் வைத்திருக்க அஞ்சி, ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் பிடித்து இறக்குகிறவர்களைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அறையில் உயிருள்ள தோட்டா இருக்க, விசையை அழுத்திக்கொண்டே, வியர்த்த விரலால் சுத்தியலை இறக்கும் அந்த வேலை வழக்கமாகிவிடக் கூடாது.

கேள்வி (அட்லாண்டா): டீகாக்கரை அழுத்திவிட்டால் துப்பாக்கி பூட்டப்பட்டுவிட்டது என்று பொருள்தானே?

பதில்: இல்லை. விசையை முழுதாக இழுத்தால் அது சுடும். டீகாக்கர் மட்டும் உள்ள பிஸ்டலை எப்போதும் சுடத் தயாராக உள்ள பிஸ்டலாகவே கையாளுங்கள்.

கேள்வி (சார்லட்): என்னிடம் பெரெட்டா 92எஃப்எஸ் இருக்கிறது. லீவரைக் கீழே தள்ளினால் சுத்தியலும் விழுகிறது, விசையும் வேலை செய்வதில்லை. அப்படியே கீழே விட்டு வைப்பதா, மறுபடி மேலே தள்ளுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஒரே லீவர் இரண்டு வேலையையும் செய்வதால் வரும் குழப்பம் இது. 1970-களில் வந்த முதல் 92-இல் இப்படி இல்லை. ஃப்ரேமில், அதாவது பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தில், ஒரு சாதாரண சேஃப்டி மட்டும் இருந்தது. இத்தாலியக் காவல் அமைப்புகள் விரும்பியதால் 92எஸ்-இல் லீவர் ஸ்லைடுக்கு (முன்பின் நகரும் மேற்பகுதிக்கு) ஏறியது, டீகாக்கராகவும் ஆனது. 1985-இல் அமெரிக்க ராணுவம் எம்9 என்ற பெயரில் தேர்ந்தெடுத்ததும் அந்த ஏற்பாட்டைத்தான். ஃபிரெஞ்சு ழாந்தார்மெரி படைக்காக உருவான 92ஜி-யில் அதே லீவர் டீகாக்கராக மட்டும் இயங்கும்; அழுத்திவிட்டு விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் தானாக மேலே கொண்டுவந்துவிடும்.

உங்கள் லீவரைக் கீழே தள்ளும்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். சுத்தியல் தட்டும் ஃபயரிங் பின்னின் (தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசியின்) பின்பகுதி லீவரோடு சேர்ந்து சுழன்று விலகிவிடுகிறது. அதனால் சுத்தியல் விழுந்தாலும் உலோகத்தில் மோதுகிறதே தவிர, பின்னைத் தொடுவதில்லை. மிகவும் நம்பத் தகுந்த அமைப்பு இது. சேஃப்டி போட்டபடியே ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்பது, சிஇசட் 75 பி-யிலோ கோல்ட் 1911 வகைப் பிஸ்டலிலோ கிடைக்காத வசதி. அவற்றில் சேஃப்டி போட்டால் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும்.

இடையூறு இரண்டு. லீவர் உயரத்தில் இருப்பதால், பிடியை மாற்றாமல் அதை மேலே தள்ளச் சிறிய கை உடையவர்களின் கட்டை விரல் எட்டாது. அடுத்து, ஸ்லைடை மேலிருந்து உள்ளங்கையால் பற்றி இழுக்கும்போது, நாம் அறியாமலே லீவர் கீழே இறங்கிச் சேஃப்டி பூட்டிக்கொள்ளலாம். அதன்பின் விசையை இழுத்தால் எதுவும் நடக்காது. நான் பயிற்சி தருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: தோட்டாவை ஏற்றும்போதும் இறக்கும்போதும் சேஃப்டி கீழே இருக்கட்டும். இடுப்பு உறையில் வைத்திருக்கும்போது மேலே தள்ளிவிட்டு, நீண்ட முதல் இழுப்பை நம்புங்கள். 92எஃப்எஸ்-இல் அது ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேல் கனக்கும். சேஃப்டியைக் கீழே வைத்தே சுமப்பதென்று முடிவெடுத்தால், உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும், அது மேலே இருந்தாலும்கூட, கட்டை விரலால் மேலே தள்ளும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியுமாக வைத்திருப்பதைத்தான் கைவிட வேண்டும்.

கேள்வி (ஹூஸ்டன், அதே வாசகர்): 1911 ஒன்றையும் பெரெட்டா ஒன்றையும் மாறி மாறிப் பயன்படுத்தலாமா?

பதில்: களத்தில் தாராளமாக. தற்காப்புக்கு இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். 1911-இல் சுடுவதற்கு லீவரைக் கீழே தள்ள வேண்டும். பெரெட்டாவில் மேலே தள்ள வேண்டும். ஸ்லைடில் லீவர் உள்ளவை எல்லாம் பெரெட்டாவைப் போன்றவை என்றும் எண்ணிவிட முடியாது: 1951-இல் சோவியத் படையில் ஏற்கப்பட்ட மக்காரொவின் லீவர் ஸ்லைடில்தான் இருக்கிறது, ஆனால் அதில் மேலே என்றால் பூட்டு, கீழே என்றால் சுடத் தயார்.

கேள்வி (வேலூர்): ஐயா, நான் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அங்கே எங்களுக்குக் கொடுத்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டலில் டீகாக்கர் கிடையாது. மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றினால் விசையும் வேலை செய்யாது. இப்போது இவ்வளவு பேசப்படும் டீகாக்கர் அந்தக் காலத்தில் ஏன் இல்லை?

பதில்: வணக்கம் ஐயா. இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான அந்த 1ஏ, 1935-இல் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவரின் வழி வந்தது. ஜான் பிரௌனிங் 1926-இல் மறைந்த பிறகு, பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்தில் தியூடோனே சாய்வ் அதை முழுமையாக்கினார். அது சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டல். சுத்தியல் கீழே இருந்தால் விசையால் அதை எழுப்ப முடியாது. டீகாக்கரின் பயனே, இறக்கிய சுத்தியலை மறுபடி விசையாலேயே எழுப்பிச் சுட முடிவதில்தான் இருக்கிறது. டீகாக்கர் 1929-இல் வந்த வால்தர் பிபி-யிலும், பின்னர் பி38-இலும், விசையே சுத்தியலை எழுப்பிச் சுடும் டபுள் ஆக்‌ஷனோடு சேர்ந்தே வந்தது. ஹை-பவரில் டீகாக்கரை வைத்திருந்தால், இறக்கிய பின் கட்டை விரலால் மறுபடி சுத்தியலை இழுக்க வேண்டியிருக்கும்.

மேகசின் இல்லாமல் சுத்தியல் விழாதது குறையன்று, வேண்டுமென்றே வைத்த பூட்டு. அதனால்தான் தோட்டாக்களை இறக்கி, அறையைப் பார்த்து உறுதி செய்த பிறகு, வெற்று மேகசினைச் செருகிச் சுத்தியலை இறக்கும் வழக்கம் வந்தது. உங்கள் கைக்கு அது இன்றும் நினைவிருக்கும்.

கேள்வி (டாலஸ்): போட்டிகளில் புரொடக்‌ஷன் பிரிவில் (பெரிய மாற்றம் செய்யாத துப்பாக்கிகளுக்கான பிரிவில்) சிஇசட் ஷேடோ 2 வைத்துச் சுடத் தொடங்கியிருக்கிறேன். அதில் டீகாக்கர் இல்லை. சுத்தியலை இறக்கித்தான் தொடங்க வேண்டும் என்கிறார்கள். நீங்களோ கையால் இறக்கக் கூடாது என்கிறீர்கள்.

பதில்: வழக்கமாகிவிடக் கூடாது என்றேன், போட்டி விதி கேட்கும் இடத்தில் செய்துதான் ஆக வேண்டும். இத்தகைய போட்டிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஐபிஎஸ்சி-யின் விதிப்படி, டீகாக்கர் உள்ள துப்பாக்கியை விசையைத் தொடாமல் டீகாக்கரால் மட்டுமே இறக்க வேண்டும். இல்லாததைக் கையால், பாதிப் பள்ளத்தில் நிறுத்தாமல், முழுதாகக் கீழே இறக்க வேண்டும்.

குழாய் முனை மண்மேட்டை நோக்கியே இருக்கட்டும். இடக்கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுத்தியலை இரு பக்கமும் இறுகப் பிடியுங்கள்; கட்டை விரலை மட்டும் மேலே வைத்து அழுத்தினால் வழுக்கும். வலக்கை விரலால் விசையை அழுத்துங்கள். சுத்தியல் விடுபட்டதை உணர்ந்த பின், அதை மெல்ல, அவசரமே இல்லாமல் கீழே கொண்டுவாருங்கள். ஷேடோ 2-இல், 75 பி-யில் உள்ளது போன்ற ஃபயரிங் பின் பூட்டு கிடையாது. விசையை விட்டாலும் தடுக்க இன்னொன்று இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த நேரத்தில் குண்டு வெடித்தால் போட்டியிலிருந்தே நீக்கப்படுவீர்கள். உங்கள் அருகில் நிற்கும் ரேஞ்ச் ஆபீசர் (களக் கண்காணிப்பாளர்) பொறுமையுள்ளவர். அவருக்காக விரைய வேண்டாம்.

கேள்வி (சியாட்டில்): நான் இடக்கை. எதை வாங்கினாலும் லீவர் தவறான பக்கத்தில் இருக்கிறது.

பதில்: சிக் பி226-இன் டீகாக்கர் இடப்பக்கத்தில் மட்டும் இருக்கும், இடக்கையர்கள் ஆள்காட்டி விரலால் அதை அழுத்திப் பழகிக்கொள்கிறார்கள், சுடும் வேகத்தில் தேவைப்படாத லீவர் என்பதால் அது பெரிய தடையும் அன்று. சேஃப்டி உள்ள துப்பாக்கியில் நிலைமை வேறு, அங்கே லீவர் கட்டை விரலின் கீழ் இருந்தே தீர வேண்டும். 92எஃப்எஸ்-இல் இருபுறமும் லீவர் உண்டு. சிஇசட் பி-07, பி-09 ஆகியவற்றில் இருபுறமும் லீவர் வருவதோடு, சேஃப்டியைக் கழற்றி டீகாக்கரை மாட்டிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. இன்னும் மனம் தெளியாதவர்களுக்கும் அவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

எச்கே யுஎஸ்பி-யை இடக்கைக்கு ஏற்ற வகையிலும் வாங்கலாம். அதன் லீவர் மேலே பூட்டு, நடுவில் சுடும் நிலை, அதற்கும் கீழே டீகாக்கர். சுத்தியலை இழுத்துப் பூட்டி வைத்திருப்பவர், எடுக்கும்போது வேகமாகத் தள்ளினால், லீவர் நடுவைத் தாண்டிக் கீழே போய்ச் சுத்தியலை இறக்கிவிடக் கூடும். அழுத்தத்தை அளவாக வைக்கப் பழகாதவருக்கு அந்த வகை ஏற்றதன்று.

கேள்வி (ஆஸ்டின்): கிளாக்கில் இரண்டுமே இல்லையே?

பதில்: அதில் வெளியே சுத்தியலே இல்லை, விசையின் நடுவில் உள்ள சிறு நாக்கும் உள்ளே உள்ள பூட்டுகளும்தான் பாதுகாப்பு. கைக்குச் சேஃப்டி வேண்டும் என்போர், அமெரிக்க ராணுவம் 2017-இல் எம்17 ஆகத் தேர்ந்தெடுத்ததைப் போன்ற, லீவர் வைத்த சிக் பி320-ஐப் பார்க்கலாம்.

கேள்வி (அட்லாண்டா): வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. சேஃப்டி இருப்பதே நல்லது என்கிறாள் மனைவி.

பதில்: உங்கள் மனைவியின் கவலை மிகச் சரியானது, அதற்குத் தீர்வு லீவரில் இல்லை. குழந்தையின் விரல் சேஃப்டியைத் தள்ளிவிடும். கனமான விசையை இரு கட்டை விரலாலும் சேர்த்து அழுத்திவிடும். பூட்டிய இரும்புப் பெட்டி வாங்குங்கள், இன்றே வாங்குங்கள். பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது அதன் பிறகு ஆகட்டும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பழைய பிஸ்டல் ஒன்றை விலைக்குப் பார்த்திருக்கிறேன். சேஃப்டியும் டீகாக்கரும் சரியாக இயங்குகின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உரிமையாளரின் அனுமதியோடு, தோட்டாக்கள் எதுவும் இல்லாத இடத்தில், மேகசினைக் கழற்றி, அறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்த பின் தொடங்குங்கள். சேஃப்டிக்கு: சுத்தியலை இழுத்து, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது சுத்தியல் விழுந்தால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழாவிட்டால், சுத்தியலைக் கட்டை விரலால் இன்னும் சற்றுப் பின்னால் இழுத்துக் காது கொடுங்கள். ‘டிக்’ என்ற சிறு ஒலி கேட்டால், சேஃப்டி போட்டிருந்தும் சியர் (இழுபட்ட சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பாகம்) நகர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தத் துப்பாக்கியைத் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். சுத்தியலோடு லீவரும் ஃப்ரேமில் இருக்கும் வகைகளுக்கே இந்தச் சோதனை.

டீகாக்கருக்கு ஒரு பென்சில் போதும். குழாய் முனையை மேல் நோக்கி வைத்து, அழிப்பான் உள்ள முனை கீழே போகும்படி பென்சிலைக் குழாயில் போடுங்கள். சுத்தியலை இழுத்து, விசையைத் தொடாமல் டீகாக்கரை அழுத்துங்கள். பென்சில் அதிகம் போனால் இலேசாக அதிரலாம், துள்ளி எழக் கூடாது. அடுத்து விசையை இழுத்துச் சுத்தியலை விழச் செய்யுங்கள். இப்போது பென்சில் குழாயை விட்டு வெளியே பாய வேண்டும். மேகசின் இல்லாமல் விசை இயங்காத வகையாக இருந்தால், வெற்று மேகசினைச் செருகிக்கொள்ளுங்கள். இரண்டையும் நான்கைந்து முறை செய்து பாருங்கள். தேய்ந்த பாகங்கள் ஒரு முறை சரியாக நடந்து அடுத்த முறை ஏமாற்றுவது உண்டு.