பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

அன்புள்ள சார்,

என் அக்கா போன தை மாதம் இறந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் மனச்சிதைவு நோயோடு இருந்தவள். வருஷத் திதிக்கு அவளைப் பற்றி நாலு பக்கம் எழுதி, அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார். அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். நோயை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. சேர்த்தால் அவள் வெறும் நோயாளியாகிவிடுகிறாள். எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம்), திருமங்கலம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தைப் படித்ததும் என் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. சோழவந்தான் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பேசிக்கொண்டே விரலால் தடவிப் பெரிசு, சிறுசு, ஓட்டை என்று பிரித்துப் போடுவார். தான் மட்டும் வெற்றிலை போடமாட்டார். "விக்கிறவன் திங்கக் கூடாதுடா."

இருபத்தாறு வயதில், அகத்திக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று அரிவாளோடு இறங்கி, கொடி படர்ந்த அகத்தியைப் பாதிக்கு மேல் வெட்டிச் சாய்த்தார். அதற்கப்புறம், புத்தி தெளியும் என்று நம்பிக் கூட்டிப்போகிற பாண்டி கோயில், குணசீலம், ஏர்வாடி. கடைசியில் வீட்டுத் திண்ணைத் தூணும் மாட்டுச் சங்கிலியும். சாவி அப்பத்தாவின் முந்தியில். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஓடிவருகிற பையன் நான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியோடு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. பேப்பரை வாசித்துக் காட்டினேன். அப்பத்தா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்துவிட்டாள். சங்கிலி போடக் கூடாது என்று சொல்கிற மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது 2017இல். (ஏழு வருடம் கட்டிப்போட்டவளும் அதே அப்பத்தாதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.)

அப்புறம் மதுரை பெரியாஸ்பத்திரி. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கியது, உடம்பு விறைத்தது, வெற்றிலை பிரிக்க முடியவில்லை. நோய் முற்றிவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். அது ஊசியின் பின்விளைவு, டாக்டரிடம் சொன்னால் அதற்கென்று ஒரு சின்ன மாத்திரை தருவார் என்று தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. யாரும் கேட்கவே இல்லை. மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் கவுளி கட்ட உட்கார்ந்துவிட்டார்.

நோயை விட்டால் எழுத வராது என்கிறீர்கள். வராதுதான். சித்தப்பா வெற்றிலை பிரித்ததை எழுதினால் கை நடுங்கியது வரும். அதை எழுதினால் ஊசி வரும். அதனால் அக்காவின் கையில் என்ன வேலை இருந்தது, எதற்குச் சண்டை போடுவார், காப்பியா டீயா என்று ஆரம்பியுங்கள். நோய் அதன் இடத்தில் தானே வந்து உட்காரும்.

அம்மாவின் பயத்தை வெட்டிப் பயம் என்று சொல்லமாட்டேன். இந்த நோய் பொதுவாக நூறில் ஒருவருக்கு வருவது. அத்தைக்கு இருந்தால், அவள் கூடப்பிறந்தவனின் மகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். அப்படியும் நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வருவதில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் எங்கே கேட்கப்போகிறார்கள்? எனவே அண்ணன் மகளிடமே கேளுங்கள். கல்யாணம் அவளுக்கு. அவள் சரி என்றால் அச்சடியுங்கள். இல்லையென்றால் எழுதி வைத்திருங்கள்.

யோசனை சொல்கிற யோக்கியதை எனக்கு அவ்வளவாகக் கிடையாது. 2008இல் என் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, மாமா, அத்தை என்று எல்லோர் பெயரும் இருந்தது. சித்தப்பா பெயர் இல்லை. பெண் வீட்டார் விசாரிப்பார்கள் என்றார் அப்பா. நானும் சரி என்றேன். சித்தப்பா பத்திரிகையை முழுசாகப் படித்துவிட்டு, "பிரஸ்காரன் ஒரு வரிய விட்டுட்டான்டா" என்றார். பந்தி முடிந்து கொடுத்த வெற்றிலை முழுக்க அவர் பிரித்து அடுக்கியது.

2015இல் அவர் போனபோது, நம்ம ஊர் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தோம். இனிஷியலைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். யார் பார்க்கப்போகிறார்கள், ஒட்டிவிடலாம் என்றார்கள். நான் திருப்பி அனுப்பி, என் காசில் மறுபடி அடித்து வாங்கினேன்.