நஞ்சுக்கொடிக்கு ஊறுகாய் மேல் எந்தக் கோபமும் இல்லை

கேள்வி: 28 வாரம். பிபி கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் பிஎல்ஜிஎஃப் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நஞ்சுக்கொடியில் ரத்தக் குழாயை வளர்க்கும் புரதமாம். அதற்கும் என் பிபிக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே சம்பந்தம் இருக்கிறது. உங்கள் டாக்டர் தேடுவது பிரீ-எக்லாம்ப்சியாவை, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் கசியும் நோயை. விவரம் சொல்வதற்கு முன் ஒன்று. இந்நேரம் உங்கள் வீட்டில் "உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே, அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருப்பார்கள். என் வீட்டில் ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர் தேக்காவிலிருந்து நான் வாங்கி வந்த மாவடுப் பாட்டிலை என் நாத்தனார் எடுத்துக் குப்பையில் போட்டார், என் கண் முன்னாலேயே. அந்தக் கடுப்பில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அதனால் "நீ யார் சொல்ல" என்று கேட்க வருபவர்கள் இந்த வரியோடு திரும்பிப் போகலாம்.

கரு ஒட்டிய முதல் இரண்டு, இரண்டரை மாதம் நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கும். அம்மாவின் ரத்தக் குழாய் வாய்களை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து வைத்திருக்கும். அந்தப் பற்றாக்குறையே ஒரு தூண்டுதல். செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, அது இருக்கும் பக்கம் பார்த்துப் புதுக் குழாய்கள் கிளை விடும். பிஎல்ஜிஎஃப் அதன் பங்காளி. கர்ப்பம் வளர வளர இது கூடி, 30 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கும். புதுக் குழாய் கசியாமல் கெட்டிப்பட ஆஞ்சியோபொயட்டின் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதை விடுங்கள். இதே காலத்தில் நஞ்சுக்கொடி செல்கள் கர்ப்பப்பையின் சுருள் தமனிகளுக்குள் இறங்கி அவற்றின் சுவரைத் தளர்த்தி அகலமாக்கும். இந்த வேலை அரைகுறையாக நின்றால் பின்னால் வரும் பிரச்சினைக்கு அங்கேயே விதை விழுந்துவிடும். நீங்கள் அப்போது மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள், ஊறுகாய் எங்கே வந்தது?

ரத்தம் போதாத நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடும். அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லின் மேல் இருக்கும் ஏற்பி என்பது அந்தப் பெட்டி, விஇஜிஎஃப்பும் பிஎல்ஜிஎஃப்பும் கடிதங்கள். எஸ்எஃப்எல்டி-1 என்பது சுவரிலிருந்து பெயர்ந்து தெருவில் அலையும் பெட்டி. கடிதங்களை வாங்கிக்கொள்ளும், வீட்டுக்கு ஒன்றும் வந்து சேராது. உங்கள் ரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் நலமாக இருக்க அந்தக் கடிதம் தினமும் வேண்டும். வராவிட்டால் குழாய் இறுகி பிபி ஏறும், சிறுநீரில் புரதம் கசியும். 2003-ல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு கர்ப்பிணி எலிகளுக்கு இந்த ஒரு புரதத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தது. பிபி, சிறுநீரில் புரதம், சிறுநீரகப் பாதிப்பு, மூன்றும் வந்தன. எலிக்கு யாரும் மாவடு கொடுக்கவில்லை.

எனக்கு 34 வாரத்தில் மோதிரம் எண்ணெய் தடவியும் கழலவில்லை. அப்போதுகூட "கர்ப்பத்தில் கால் கை வீங்கத்தான் செய்யும்" என்றார்கள், அதுவும் பாதி உண்மைதான். பிபி பார்த்த தாதி இன்னொரு முறை பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டாக்டரைக் கூப்பிடப் போனார். அந்த வாரமே குழந்தையை எடுத்துவிட்டார்கள். நஞ்சுக்கொடியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், தொழில் புத்தி. எஃகுத் தட்டில் கொண்டு வந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னது. ஓரத்தில் வெளிறிய ஒரு திட்டு, கையுறை விரலால் அழுத்தினால் மற்ற இடம் போல அமுங்கவில்லை. ரத்தம் போகாமல் செத்த இடம். அதைப் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அனுப்பவில்லை. மகளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

 

சரி, உங்கள் பரிசோதனை. எஸ்எஃப்எல்டி-1ஐ பிஎல்ஜிஎஃப்பால் வகுத்து ஓர் எண் தருவார்கள். 38 அல்லது அதற்குக் கீழே என்றால் அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வாரத்தில் 85ஐத் தாண்டினால் டாக்டர்கள் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள். பிஎல்ஜிஎஃப் மட்டும் பார்த்தால் எண் குறைவதுதான் கவலை. எது வந்தாலும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. உப்பை அள்ளிக் கொட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை, கீழே சண்டைக்கு வராதீர்கள்.

ஆஸ்பிரின் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 11லிருந்து 14 வாரத்துக்குள் தினம் 150 மில்லிகிராம் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது, 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ-எக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. 28 வாரத்தில் அதைத் தொடங்குவதற்குக் காலம் கடந்துவிட்டது, அடுத்த குழந்தை என்றால் முதல் செக்கப்பிலேயே கேளுங்கள். இப்போதைக்கு விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே பிரசவ வார்டுக்குப் போங்கள், நடு இரவானாலும்.