சங்கத்தில் சேரட்டுமா, அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. திருச்சியில் பிபிடி (பிசியோதெரபி இளங்கலைப் படிப்பு) முடித்து, அங்கேயே மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஆண்டு சிங்கப்பூர் வந்தேன். ஈசூனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு பொது மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை, பக்கவாத வார்டு. இன்னும் நிபந்தனைப் பதிவில்தான், அதாவது மேற்பார்வையில் வேலை செய்யும் தற்காலிகப் பதிவில்தான் இருக்கிறேன். எங்கள் சீனியர் ஒருவர், "சிங்கப்பூர் பிசியோதெரபி சங்கத்தில் சேர்ந்துவிடு" என்கிறார். கூட வேலை செய்யும் தோழியோ, "அது தெண்டச் செலவு, சம்பளத்துக்கும் உதவாது, பதிவுக்கும் உதவாது" என்கிறாள். ஊருக்குப் பணம் அனுப்புகிறேன், படிப்புக் கடன் வேறு பாக்கி. இந்தியச் சங்கத்தில் ஏற்கெனவே ஆயுள் உறுப்பினர். இங்கேயும் சேரத்தான் வேண்டுமா?
- பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: அன்புத் தங்கைக்கு, சேருங்கள் என்பதுதான் என் பதில். எப்போது சேர்வது என்பதில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை. தமிழில் நாம் எல்லாவற்றையும் 'சங்கம்' என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. இங்கே நீங்கள் வேலை பார்க்க அனுமதி தருவது அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில். 2011-ல் சட்டம் வந்து, 2013-ல் அமைந்த மன்றம் அது. உங்கள் நிபந்தனைப் பதிவு, மேற்பார்வையாளர் எழுதும் அறிக்கை, பிறகு வரப்போகும் முழுப் பதிவு, தொழில் செய்யத் தேவையான பிராக்டிசிங் சர்டிபிகேட் எல்லாம் அங்கேதான். அதில் விருப்பம் என்ற பேச்சே இல்லை. சம்பளம், ஷிஃப்ட், லீவு என்று முறையிடவேண்டி வந்தால் அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. பொது மருத்துவமனை ஊழியர்களுக்கு என்டியுசி என்ற தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கீழ் ஹெல்த்கேர் சர்வீசஸ் எம்ப்ளாயீஸ் யூனியன். பிசியோதெரபி சங்கம் இந்த இரண்டும் இல்லை. விருப்பப்பட்டவர்கள் சந்தா கட்டிச் சேரும் தொழில்முறை அமைப்பு. அதில் சேர்ந்தால் முழுப் பதிவு ஒரு நாள்கூட முன்னால் வராது, சம்பளத்தில் ஒரு வெள்ளிகூட ஏறாது. அந்த எதிர்பார்ப்போடு சேர்ந்தால் அடுத்த வருடமே விட்டுவிடுவீர்கள்.

தொடர்கல்விப் புள்ளிக்காக, அதாவது பதிவில் இருப்பவர்கள் வகுப்புகளுக்குப் போய்ச் சேர்க்கும் புள்ளிக்காகச் சேரச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் மருத்துவமனையிலேயே வாராவாரம் வகுப்பு நடக்கும், புள்ளிக்கு அதுவும் உதவும். அப்படியானால் வேறு எதற்கு என்று கேட்பீர்கள். என் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 1990களில் படித்தவள். முதல் பத்து வருடம் பெரிய மருத்துவமனையில் வேலை. சந்தேகம் வந்தால் அடுத்த படுக்கையிலேயே ஒரு சீனியர் இருப்பார். பிள்ளைகள் பிறந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு மாறினேன். அங்கே நான் ஒருத்திதான் பிசியோ. அந்த வருடம்தான் சங்கச் சந்தாவை நிறுத்தினேன். நீங்கள் போடும் அதே கணக்குத்தான்: மகனின் டியூஷன், வீட்டுக் கடன், இதில் இது எதற்கு என்று.

இல்லத்தில் ஒரு தாத்தா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இடப்பக்கம் திரும்பிப் படுத்தா கூரையே சுத்துது பாப்பா" என்பார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கழுத்து இறுகியிருந்ததால் கழுத்துதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் வெந்நீர் ஒத்தடமும் கழுத்துப் பயிற்சியும் கொடுத்தேன். அவர் படுப்பதையே நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தார். கால் வீங்கியது. நடை குறைந்தது. என்னிடம் மட்டும், "பரவாயில்லை, உன் கை பட்டா நல்லாத்தான் இருக்கு" என்பார். அதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

கூடப் படித்த தோழி ஒருத்தி, சங்கத்துக்காரர்கள் ஒரு சனிக்கிழமை தலைச்சுற்றல் பற்றி வகுப்பு நடத்துகிறார்கள், வா என்று இழுத்துப் போனாள். உறுப்பினர் இல்லை என்பதால் கூடுதல் கட்டணம் கட்டினேன். காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் எப்படித் தலை சுற்றும் என்று விளக்கிவிட்டு, ஒருவரைப் படுக்கவைத்துச் செய்தும் காட்டினார்கள். கல்லூரியில் பெயரளவில் கேட்டது, மறந்தே போயிருந்தது. அந்த அறையிலேயே எனக்குத் தாத்தாவின் முகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, இல்லத்துக்கு வரும் டாக்டரிடம் பேசினேன். அவர் பார்த்துவிட்டுச் சரி என்றார். தாத்தாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை இடப்பக்கம் 45 டிகிரி திருப்பி, விறுவிறுவென்று பின்னால் சாய்த்தேன். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே என் இரண்டு கைகளில் இருந்தது. ஐந்தாறு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் கருவிழி துடித்தது. மேல்நோக்கித் துடித்தபடியே சுழன்றது. காதுத் துகள்தான் காரணம் என்பதற்கு அதுதான் அடையாளம். தாத்தா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பது எண்ணுவதற்குள் விழி அடங்கியது. அங்கிருந்தே, துகளைப் பழைய இடத்துக்குத் திருப்பும் எப்லி முறையில் தலையை எதிர்ப்பக்கம் திருப்பி, உடம்போடு புரட்டி, மெல்ல எழுப்பி உட்காரவைத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. அன்று இரவு அவர் கட்டிலில் படுத்துத் தூங்கினார் என்று நர்ஸ் சொன்னார். அந்த வாரமே சந்தாவைக் கட்டினேன். அதன்பின் நிறுத்தவில்லை.

உங்களைச் சுற்றி இப்போது சீனியர்கள் இருக்கிறார்கள், என் அளவுக்குத் தனிமை இல்லைதான். ஆனால் ஒரே துறைக்குள் இருந்தால் எல்லோருக்கும் ஒரே பழக்கம்தான் படியும். பக்கவாத நோயாளியை முதல்நாள் எப்படி எழுப்பி உட்காரவைப்பது என்பதில்கூட ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டு. நரம்பியல், எலும்புமூட்டு, நுரையீரல் என்று துறைவாரியாகச் சங்கத்துக்குள் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் நரம்பியல் குழுவுக்குப் போங்கள். ஜூரோங்கிலும் நொவினாவிலும் இதே வேலையைப் பார்ப்பவர்களை அங்கேதான் சந்திப்பீர்கள். நாளைக்கு ஒரு நோயாளி வீடு திரும்பும்போது, அந்த வட்டாரத்தில் யாரிடம் அனுப்பலாம் என்று கேட்க ஓர் ஆள் இருப்பார்.

இந்தியச் சங்க உறுப்பினர் அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். 1955-ல் தொடங்கிய அமைப்பு அது, ஊருக்குத் திரும்பினால் உதவும். ஆனால் இங்கே உள்ள மன்றப் பதிவுக்கோ, இங்கே உள்ள தோழமைக்கோ அது ஈடாகாது. 1951-ல் தொடங்கிய உலகப் பிசியோதெரபி அமைப்பு ஒன்றும் உண்டு. அதில் நாம் தனி ஆளாகச் சேர முடியாது, அந்தந்த நாட்டுச் சங்கம் வழியாகத்தான். 2015 மே மாதம் அதன் மாநாடு சிங்கப்பூரிலேயே நடந்தது. பல நாட்டுப் பிசியோக்களை ஒரே கூரையின் கீழ் பார்த்தபோது, நம் வேலை எவ்வளவு பெரியது என்று என் கூட வந்த இரண்டு இளம் பிள்ளைகளும் வாயடைத்துப் போனார்கள்.

சரி, பணம். ஆண்டுச் சந்தாவைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். உங்கள் துறையின் பயிற்சி நிதியிலிருந்து தருவார்களா என்று மேலாளரிடம் கேளுங்கள், கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. தராவிட்டால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொழில் அறிவுக்காகத் தொழில்முறை அமைப்புக்குக் கட்டும் சந்தாவை, முதலாளி திருப்பித் தராத பட்சத்தில், வருமானவரிக் கணக்கில் வேலைச் செலவாகக் காட்டலாம். ரசீதை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மருத்துவமனைக்குள் நீங்கள் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவமனைதான் பொறுப்பேற்கும். பிற்பாடு தனியார் கிளினிக்குக்குப் போனால், தொழில்சார் காப்பீட்டை யார் எடுப்பார்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள், சங்கத்திலும் விசாரியுங்கள். இன்னொன்று: வார இறுதியில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போய்விடாதீர்கள். உங்கள் வேலை அனுமதி உங்கள் மருத்துவமனைக்கு மட்டும்தான். தெரிந்தவர்தானே என்று போய் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது சேர்வது? நிபந்தனைப் பதிவு முடியும்வரை உங்களுக்கு அறிக்கை, மதிப்பீடு என்று தலைக்குமேல் வேலை. இந்த வருடம் கடன் தவணை கழுத்தை நெரித்தால், உறுப்பினர் ஆகாமலே ஒரு வகுப்புக்கு மட்டும் போய்வாருங்கள். முழுப் பதிவுக் கடிதம் கைக்கு வந்த மாதம் சந்தா கட்டுங்கள். கட்டியபின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிசியோக்களின் சிக்கலைப் பேச, அதைப் பட்டவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். உங்களைப் பின்வரிசையில் பார்த்தால் நானே வந்து பேசுவேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு ஒரு பிசியோ வருகிறார். அவர் சங்க உறுப்பினர் இல்லை என்கிறார். தொடரலாமா?
- ஒரு மகள், புக்கிட் பாத்தோக்

பதில்: தொடரலாம் அம்மா. சங்க உறுப்பினராக இருப்பது கட்டாயம் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கவுன்சில் பதிவு. கவுன்சிலின் இணையத்தளத்தில் பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. அவர் முழுப்பெயரைக் கேட்டு வாங்கித் தேடுங்கள், பிராக்டிசிங் சர்டிபிகேட் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பிசியோ இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அடுத்த முறை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு ஃபோன் போடுங்கள். அப்பாவின் நடையை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.