பொன்னாடையை வாங்காதையும் தம்பி

தம்பி, யாழ்ப்பாணத்தில கோயில் செய்தியும் அரசியலும் எட்டு வருசம் எழுதினனான், ரொறன்ரோவிலயும் அதையே எழுதிப் பிழைக்கலாமோ, வாடகை எவ்வளவு, குளிர் எப்பிடி எண்டு கேட்டிருந்தீர். வாடகையும் குளிரும் சொல்ல ஊர்ப்பட்ட ஆக்கள் இருக்கினம். நான் எழுத்தைப் பற்றிச் சொல்லுறன்.

நான் 1999இல வந்தனான். பகலில எழுத்து, இரவில டோனட் தொழிற்சாலை. இஞ்ச மதமும் அரசியலும் ஒட்டாது எண்டு ஒருநாள் இடைவேளையில பெருமையாச் சொல்ல, பக்கத்தில நிண்ட யூதக் கிழவர் சிரிச்சார். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசாங்கக் காசு, தன்ர பேரன்ர யூதப் பள்ளிக்குத் தாங்களே காசு கட்டவேணும் எண்டார். 1867 அரசியலமைப்பில இருந்தே அப்பிடித்தான். இது பாகுபாடு எண்டு ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னதும் நான் வந்த அந்த வருசம்தான். 2007 ஒன்ராறியோத் தேர்தலில கொன்சவேட்டிவ் கட்சித் தலைவர் ஜோன் ரோறி மற்ற மதப் பள்ளிகளுக்கும் காசு தருவம் எண்டு வாக்குறுதி குடுத்தார். கட்சி தோற்றது, அவரும் தன்ர தொகுதியில தோற்றார். கியூபெக் மாகாணத்தில 2019இல ஆசிரியைமார் ஹிஜாப் போடக்கூடாது எண்டு சட்டம் நிறைவேற்றின சட்டசபையில, 1936இல மாட்டின சிலுவை அப்பவும் தொங்கினது. பிறகுதான் கழட்டினவை. இதெல்லாம் தெரியாமல் எழுத வெளிக்கிடாதையும்.

இனி எங்கட ஆக்கள். தேர்தல் வந்தால் வேட்பாளர் வேட்டியோட கோயிலுக்கு வருவார். பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனம் கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு காட்டக்கூடாது எண்டு சட்டம். கேட்டால் "அது வெறும் வாழ்த்துரை" எண்டுவினம். எனக்கு முன்னம் வந்து நிர்வாக சபையில ஒட்டிக்கொண்டிருக்கிறவைக்கு நாங்கள் எல்லாம் நேற்று வந்த பொடியள். அவையோட வாய் குடுத்து மினைக்கெடாதையும். கனடா வருமான வரித் திணைக்களத்தின்ர தளத்தில தர்ம ஸ்தாபனங்கள் வருசாவருசம் குடுக்கிற ரி3010 படிவம் இருக்கு: வரவு, செலவு, இயக்குநர் பேர் எல்லாம் சும்மா பாக்கலாம். பொன்னாடை மட்டும் வாங்காதையும். எனக்குப் போட்டது ஒண்டு கார் டிக்கியில கிடக்கு, கண்ணாடியில பனி துடைக்க.

ஒருக்கா அந்தப் படிவத்தை வச்சு ஒரு கோயிலின்ர கணக்கைப் பற்றி எழுதிப் பேப்பருக்குக் குடுத்தன். வியாழக்கிழமை விடிய, விரலில சீனித்தூள் ஒட்டியிருக்க, பஸ்ஸில பேப்பரை விரிச்சன். என்ர கட்டுரை வரவேண்டிய பக்கத்தில அதே கோயிலின்ர தேர்த் திருவிழா விளம்பரம், முழுப்பக்கம், கலரில.

அந்தக் கோயிலுக்கு இப்பவும் போறனான். மோதகம் அந்த மாதிரி.