வெளிநாட்டு வரன்: இணையத்தில் நாமே விசாரிக்க முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரில் பொறியாளராக இருப்பதாகச் சொல்லும் ஒரு வரன், தரகர் மூலமாக எங்கள் மகளுக்கு வந்துள்ளது. புகைப்படங்களும் கம்பெனிக் கடிதமும் அனுப்பியிருக்கிறார்கள். வீடியோ அழைப்பிலும் பேசிவிட்டோம். ஆனாலும் மனம் முழுதாக ஒப்பவில்லை. தரகர் அறிமுகப்படுத்திய ஒரு துப்பறியும் நிறுவனம், ஏஐ தொழில்நுட்பத்தின் உதவியோடு பையனின் கைபேசி அழைப்புப் பதிவு, வங்கி இருப்பு உட்பட எல்லாவற்றையும் எடுத்துத் தருவதாகச் சொல்லி 40,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: கொடுக்க வேண்டாம். அரசுப் பதிவேடுகள், நிறுவனப் பதிவுகள், நீதிமன்ற வழக்கு விவரங்கள், ஒருவர் தாமாகவே பொதுவில் பகிர்ந்த படங்கள் ஆகியவை யாரும் சட்டப்படி பார்க்கக்கூடிய தகவல்கள். இவற்றைத் தேடிச் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதைத்தான் பொதுவெளித் தகவல் ஆய்வு என்கிறோம். அழைப்புப் பதிவும் வங்கி இருப்பும் இந்த வரிசையில் சேரவே சேராது. அழைப்புப் பதிவைக் காவல்துறையும் சட்டம் அதிகாரம் அளித்த சில அமைப்புகளும் மட்டுமே தொலைபேசி நிறுவனங்களிடம் கேட்டுப் பெற முடியும். ஒரு தனியார் நிறுவனம் அதைத் தருகிறது என்றால் அது திருடப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது உட்கார்ந்து தட்டச்சு செய்ததாக இருக்க வேண்டும். 2018இல் மகாராஷ்டிரத்தின் தாணே காவல்துறை இத்தகைய பதிவுகளை விற்ற வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதாவோ இன்றுவரை சட்டமாகவில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையை இத்தனை ஆண்டுகளாக ஏன் பொறுத்துக்கொள்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு: வரனைக் கொண்டுவந்தவரே அந்த வரனை விசாரிக்கவும் ஆள் பிடித்துக் கொடுத்தால், அந்த விசாரணையின் முடிவு எப்படியிருக்கும்?

ஏஐ என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் புகைப்படத்தில், அது எங்கே, எப்போது, எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்ற உள்விவரங்கள் அனுப்பும்போதே நீங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் உள்விவரங்களை ஆராய்ந்ததாகப் பத்துப் பக்க அறிக்கை தருபவர் உங்களிடம் வெற்றுக் காகிதத்தைத்தான் விற்கிறார். வீடியோவில் இருக்கும் முகம் 97 சதவீதம் உண்மையானது என்று சான்றளிப்பதும் ஏறக்குறைய இதே ரகம்தான், ஏனென்றால் போலி முகத்தைக் கண்டறியும் கருவிகள், சுருக்கப்பட்டுத் தரம் குறைந்த காணொளிகளில் எளிதாகத் தடுமாறுகின்றன. சிங்கப்பூரில் உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் அரை மணி நேரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அந்தச் சதவீதம் தேவைப்படாது.

புகைப்படங்களை நீங்களே கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் ஆகிய, படத்தைக் கொண்டே தேடும் தளங்களில் ஏற்றித் தேடலாம். இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேடலில் அதே முகம் வேறொரு பெயரில், வேறொரு நாட்டுக் கணக்கில் கிடைத்தால், பெரும்பாலான பெற்றோர் அந்த நொடியிலேயே பையனை மோசடிக்காரர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அது அவசர முடிவு. மோசடி செய்பவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் படத்தைப் பயன்படுத்துவதில்லை. பார்க்க லட்சணமான, நல்ல வேலையில் இருக்கும் உண்மையான மனிதர்களின் படங்களைத் திருடித்தான் போலிக் கணக்குகளைத் தொடங்குகிறார்கள். ஆகவே, திருடிய படத்தோடு உங்களிடம் வந்தவராகவும் இவர் இருக்கலாம், படத்தைப் பறிகொடுத்த அப்பாவியாகவும் இருக்கலாம். எந்தக் கணக்கு பழையது, எதில் ஆண்டுக்கணக்கில் உறவினர்களும் கல்லூரி நண்பர்களும் பெயர் சொல்லிப் பின்னூட்டம் இட்டிருக்கிறார்கள், எதில் சில வாரங்களுக்குள் படங்கள் மொத்தமாக ஏற்றப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பிறகு, கண்டுபிடித்ததை மறைக்காமல் பையனிடமே கேளுங்கள். படம் திருடப்பட்டவருக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம். புகார் கொடுத்திருந்தால் அந்த விவரத்தையும் காட்டுவார். படம் கிடைக்கவில்லை என்பதும் நற்சான்று அல்ல. யாரும் இணையத்தில் பொதுவாகப் பகிராத குடும்பப் படத்தைத் திருடியிருந்தால் எந்தத் தேடலிலும் அது வராது.

அடுத்தது கம்பெனிக் கடிதம். சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் அங்குள்ள கணக்கியல் மற்றும் நிறுவன ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; அதன் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவெண், முகவரி, நிறுவனம் இப்போது இயங்குகிறதா என்பன கட்டணமின்றிக் கிடைக்கும். கடிதத்தில் உள்ள இணையதளப் பெயரை, தளங்களின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் இட்டு, அது எப்போது பதிவு செய்யப்பட்டது என்றும் பாருங்கள். இருபது ஆண்டுப் பழைய நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு, தளம் சென்ற மாதம்தான் பதிவாகியிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். நிறுவனத்தின் எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து அழையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அவருடைய வேலை அனுமதி. சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியால் அனுமதி அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், அந்த அனுமதி நடப்பில் உள்ளதா என்பதை அமைச்சகத்தின் பதிவே காட்டும். அட்டையின் படத்தை வாங்கிப் பார்ப்பது போதாது. நேரில் சந்திக்கப்போகும் உங்கள் ஆள் அவருடைய சம்மதத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும். எந்த வகை அனுமதி என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருந்து, மாத நிலைச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலராக இருந்தால்தான் மனைவியைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்க முடியும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. திருமணம் முடிந்த மறுமாதமே பெண்ணை அழைத்துப்போவதாகத் தரகர்கள் வாய்கூசாமல் சொல்லும் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகிறது.

வழக்கு ஏதேனும் உண்டா என்று பார்க்க இந்திய அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர்வாரித் தேடல் உண்டு. ஆனால் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்து, பிறகு அடுத்த வளாகத்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு குடிமகனின் பொறுமையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடைக்காது. நம் பெயர்களின் சிக்கல் வேறு. ஒரே கார்த்திக் ஒரு பதிவில் தலைப்பெழுத்தோடும், இன்னொன்றில் தந்தை பெயரோடும், வேறொன்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியும் இருப்பார். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் தொடங்கி எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போகாத வழக்கை இவர் தலையில் கட்டாதீர்கள். உரையாடும் ஏஐ செயலிகளிடம் பெயரைக் கொடுத்து ஆளைப் பற்றிக் கேட்பதால் பயனில்லை, ஏனென்றால் ஒரே பெயருள்ள இரண்டு மூன்று பேரின் விவரங்களைக் கலந்து, ஒரே மனிதரின் வரலாறாக அவை கூசாமல் எழுதித் தந்துவிடும். இத்தனையும் முடிந்த பிறகு ஒரு நாள் பையனின் சொந்த ஊருக்குப் போய், படித்த பள்ளியிலும் பக்கத்து வீடுகளிலும் விசாரித்துவிட்டு வாருங்கள்; தரகரை உடன் அழைத்துப் போக வேண்டாம்.