போன்சாய் தொட்டிக்கு நிறம் பார்ப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

ஐயா, என் போன்சாய்க்கு எந்த நிறத் தொட்டி வாங்கலாம்? (சேலம்)

என்ன மரம் என்றே எழுதவில்லையே! ஆல் வகையா, பூ மரமா, எவ்வளவு உயரம், எதுவும் இல்லை. மரத்தைச் சொல்லாமல் நிறம் கேட்டால் எதைச் சொல்வது? ஒரு படத்தோடு மறுபடி எழுதுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

கல் இச்சிக்குச் சிவப்பு கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) தொட்டி எடுப்பாக இருக்குமா? (கோவை)

இருக்காது. ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் ஆல் வகை மரம் அது. அழகெல்லாம் சாம்பல் பட்டையிலும் வேர்ப்பிடிப்பிலும் இருக்கிறது. சிவப்பு வைத்தால் கண் தொட்டிக்குத்தான் போகும். கிளேஸ் இல்லாத காப்பிப் பழுப்பு போதும். ஜப்பானின் டோகோனமே, சீனாவின் யிஷிங் இரண்டும் இந்த மாதிரித் தொட்டிக்குப் பேர்போன ஊர்கள். அங்கே மண்ணின் சொந்த நிறத்தையே ரசிக்கிறார்கள்.

நாட்டு வாதுமை தை, மாசியில் சிவக்கிறது. அதற்கு எது பொருந்தும்? (நாகர்கோவில்)

அடர் நீலம். சிவந்த இலை அதன் மேல் எடுப்பாகத் தெரியும். இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிளை ஜப்பானியர் நீலத் தொட்டியில் வைப்பதும் இதே கணக்குத்தான். இலை கொட்டி வெறும் கிளையாக நிற்கும்போதும் நீலம் உறுத்தாது.

மாதுளைக்கு? (தேனி)

ஆரஞ்சு கலந்த சிவப்புப் பூ என்றால் கரும்பச்சை அல்லது வெளிர் மஞ்சள்.

காகிதப்பூ பூக்கும்போது ஒரு தொட்டி, பூ முடிந்ததும் வேறு தொட்டி என்று மாற்றிக்கொண்டே இருக்கலாமா? (சென்னை)

வேண்டாம், வேண்டவே வேண்டாம். இதே கேள்வி மாதாமாதம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் மனது பதறுகிறது. காகிதப்பூவின் வேர் மெல்லியது, சட்டென்று அறுந்துவிடும். பூத்திருக்கும் நேரத்தில் பெயர்த்தால் பூவும் மொட்டும் கொட்டும், சில சமயம் ஒரு பெரிய கிளையே காயும். ஒரு கண்காட்சிக்காக நிறப் பொருத்தம் பார்த்துப் பதினைந்து வருட மரத்தை நானே இப்படி இழந்திருக்கிறேன். அந்த இடம் இன்னும் என் மாடியில் காலியாகத்தான் இருக்கிறது.

ஜப்பானில் கண்காட்சித் தொட்டி என்று தனியாக உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அங்கே வேரை வெட்டாமல், மண்கட்டி கலையாமல், அப்படியே தூக்கி வைப்பார்கள். 1934 முதல் டோக்கியோவில் நடக்கும் கொகுஃபு போன்சாய் கண்காட்சி பிப்ரவரியில் வருகிறது. இலையுதிர் மரங்களெல்லாம் அப்போது மொட்டையாக நிற்கும். அந்தக் கிளைகளுக்குத் தகுந்த தொட்டியில்தான் அவற்றை வைக்கிறார்கள்.

அதனால் உங்கள் மரம் எந்தப் பருவத்தில் உங்களை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்கிறதோ, அந்த ஒரு பருவத்துக்கு ஒரே தொட்டி தேர்ந்தெடுங்கள். மெஜந்தா காகிதப்பூவுக்கு மங்கிய பச்சையோ வெளிர் சாம்பலோ நன்றாக இருக்கும், இளஞ்சிவப்பு வேண்டாம். அதில் நிறமாகத் தெரிவது பூவைச் சுற்றியுள்ள இலைகள்தான், வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே பொருத்தம் வீணாகாது. தொட்டி மாற்றம் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, பூ முடிந்த பிறகு.

பழைய மண் தொட்டிக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிட்டேன். சரிதானே? (திருச்சி)

அடித்த பிறகு கேட்கிறீர்கள். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரமும் காற்றும் போய்வரும், பெயின்ட் அதை அடைத்துவிடும். கொஞ்ச நாளில் உரியவும் தொடங்கும். உள்பக்கமும் அடித்திருந்தால் அந்தத் தொட்டியை மரத்துக்கு வைக்காதீர்கள். வெளியில் மட்டும் என்றால் தண்ணீரைக் குறையுங்கள். துளை அடைபட்டிருக்கிறதா பாருங்கள். துளை முதலில், நிறம் பிறகு.

கறுப்புத் தொட்டி அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் தாங்குமா? (வேலூர்)

பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே வேரும் சுடும். அந்த மூன்று, நான்கு வாரம் நிழல் வலைக்குக் கீழே வையுங்கள், ஈரச் சாக்கு சுற்றினாலும் நல்லது. இனி வாங்குவது என்றால் வெளிர் நிறமே வாங்குங்கள்.