செல் நகர்வதைப் பார்த்தால் யாரம்மா சம்பளம் தருவார்கள்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள், நன்றாகப் படிக்கிறாள், மருத்துவமோ பொறியியலோ எடுப்பாள் என்று நினைத்திருந்தீர்கள். அவளோ நுண்ணோக்கி வழியாக எடுத்த, உயிருள்ள செல் (உயிரணு) ஒன்றின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "செல் எப்படி ஊர்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை" என்கிறாள். "அதற்கு யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

சம்பளம் தருகிறார்கள். ஆனால் நிலையான வேலை கைக்கு வர மற்ற படிப்புகளைவிட அதிகக் காலம் ஆகும். அந்தக் காலத்தில் அவள் எதைக் கற்றுக்கொள்கிறாள் என்பதை வைத்துத்தான் இந்தப் பாதை பத்திரமானதா, ஆபத்தானதா என்று சொல்ல முடியும். மீதிக் கடிதம் முழுக்க இதைப் பற்றித்தான்.

அவள் பார்த்த படம் எது என்று நீங்கள் விவரித்ததிலிருந்தே தெரிந்துவிட்டது. 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்த படம். சிவப்பணுக்களின் கூட்டத்துக்குள் ஒரு வெள்ளையணு, ஒரு பாக்டீரியாவை வளைத்து வளைத்துத் துரத்தி, கடைசியில் விழுங்கிவிடும். கண்ணும் காலும் மூளையும் இல்லாத ஒன்றுக்குத் திசை எப்படித் தெரிகிறது? பாக்டீரியா கசியவிடும் வேதிப்பொருள் எந்தப் பக்கம் அதிகம் என்று அது உணர்கிறது. அந்தப் பக்கத்தில் ஆக்டின் என்ற புரதம் இழை இழையாக வளர்ந்து செல்லின் தோலை முன்னால் தள்ளுகிறது. பின்பக்கத்தை மையோசின் என்ற இன்னொரு புரதம் இறுக்கி இழுக்கிறது. ஆக்டின் இழை ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). புண் ஆறும்போதும், கருவில் உறுப்புகள் உருவாகும்போதும், புற்றுநோய் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பரவும்போதும் செல்கள் பெரும்பாலும் இதே இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அவள் வேடிக்கைக்காக இதைக் கேட்கவில்லை என்று உங்களுக்குப் புரியத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இதில் இயற்பியலுக்கு என்ன வேலை என்றும் கேட்டிருந்தீர்கள். 1977-இல் எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்: நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா ஒன்று நீந்துவதைச் சட்டென நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூட அது முன்னால் சறுக்காது. அவ்வளவு சிறிய உடலுக்குத் தண்ணீரே கெட்டித் தேன்போல. நம் உலகத்து அனுபவம் அங்கே செல்லாது. விசை, பாகுநிலை (திரவத்தின் கெட்டித்தன்மை), நிகழ்தகவு என்று எழுதிப் பார்த்தால்தான் வழி தெரியும். அவருடைய நண்பர் ஹோவர்டு பெர்க்கும் இயற்பியலாளர்தான். 1970களின் தொடக்கத்தில் அவர் ஒரு நுண்ணோக்கியைத் தானே வடிவமைத்தார். நீந்தும் ஒற்றை பாக்டீரியாவை முப்பரிமாணத்திலும் விடாமல் பின்தொடரும் கருவி அது. பாக்டீரியா சிறிது நேரம் நேராக ஓடுகிறது, பிறகு தடுமாறிப் புரள்கிறது, மறுபடி வேறு திசையில் ஓடுகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. கேள்விக்கேற்ற கருவி கடையில் கிடைக்கவில்லை, அதனால் அவரே செய்தார். இந்தத் தொழிலில் பாதி நாட்கள் இப்படித்தான் போகும்.

மீதி நாட்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். மனிதச் செல்லை நுண்ணோக்கியின் கீழேயே 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். எந்த ஒளியால் பார்க்கிறோமோ அதே ஒளிதான் செல்லைக் கொல்லவும் செய்யும். லேசரைக் கூட்டினால் படம் தெளிவாக வரும், செல் சுருண்டு செத்துப்போகும். குறைத்தால் செல் பிழைக்கும், படம் மங்கும். அறையின் வெப்பம் அரை டிகிரி மாறினாலே ஃபோகஸ் நழுவும். இரவெல்லாம் எடுத்த படம் காலையில் ஒன்றுக்கும் உதவாமல் போகும். நல்ல படம் வந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. இன்றைய கருவிகள் சில ஒரே நாளில் டெராபைட் கணக்கில் படம் கொட்டுகின்றன. அதிலிருந்து வேகம் என்ன, திசை எவ்வளவு நேரம் மாறாமல் இருக்கிறது, விசை எவ்வளவு என்று எண்களைப் பிரித்தெடுக்க மாதக்கணக்கில் கோடிங் செய்ய வேண்டும்.

பலர் நினைப்பதுபோல் இது அழகான படங்களை எடுக்கும் வேலை அல்ல. கண்ணால் பார்த்ததை எண்ணாக்கும் வேலை. உங்கள் மகளுக்குச் சோறு போடப்போகும் கைத்தொழிலும் அந்த எண்ணாக்கும் திறன்தான்.

என்ன படிக்கலாம்? என் கருத்து: இளநிலையில் இயற்பியல். உயிரியலைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். கணிதத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு பிடித்தவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒளியியல், ஃபூரியே உருமாற்றம் (படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் கணிதம்), புள்ளியியல், நிகழ்தகவு இவற்றில் அடித்தளம் பலமாக இருக்க வேண்டும். உயிரியல் வழியாகத்தான் போவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் போகட்டும், தடுக்காதீர்கள்; ஆனால் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கூடவே வரவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருள் இலவசம். ஆய்வுக்கூடங்களில் தினமும் புழங்குவது. இன்றைக்கே வீட்டுக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். கல்லூரி விடுமுறைகளில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுந்தால், மதிப்பெண் பட்டியல் சொல்லாத பல விஷயங்கள் அவளுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது முனைவர் பட்டம். பொதுவாக 4 முதல் 6 வருடம். பல நாடுகளில் அறிவியல் முனைவர் மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். சிக்கனமாக இருந்தால் அதில் வாழலாம், ஆனால் சேமிக்க முடியாது. அதற்குப் பிறகு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணியில் சில வருடங்கள், சிலருக்கு இரண்டு மூன்று இடங்களில். பேராசிரியர் பதவிகளோ குறைவு, போட்டியோ கடுமை. முனைவர் முடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் பேராசிரியர் ஆவதில்லை. இதை இப்போதே, உங்கள் இருவருக்கும் சேர்த்தே, சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அப்படியானால் மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? பல்கலைக்கழகங்களும் பெரிய ஆய்வு மருத்துவமனைகளும் பொது நுண்ணோக்கிக் கூடங்கள் நடத்துகின்றன. அவற்றை நிர்வகிக்கக் கருவியும் உயிரியலும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும். ஸைஸ், லைக்கா, நிக்கான் போன்ற நுண்ணோக்கி நிறுவனங்கள் இவர்களை எடுக்கின்றன. செல்களின் படத்தை வைத்தே மருந்தைச் சோதிக்கும் மருந்து நிறுவனங்கள், திசுப் படங்களை ஆராயும் மென்பொருள் நிறுவனங்கள், கணினிச் சிப்புகளில் குறை தேடும் ஒளியியல் துறை என்று கதவுகள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கதவுகள் திறப்பது, கருவியைப் பிரித்து மாட்டவும் படத்தை எண்ணாக்கவும் தெரிந்தவர்களுக்குத்தான். என்னிடம் வந்த ஒரு மாணவர் பெயர்பெற்ற ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடம் இருந்தவர். கருவி உலகத்தரம், ஆனால் அவரைப் பொத்தான் அமுக்க மட்டுமே விட்டார்கள், ஆய்வை வேறொருவர் செய்தார். பட்டத்தோடு வெளியே வந்தபோது கையில் தொழில் இல்லை. பாவம், எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து கற்றார். ஆகவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் காலம் வரும்போது, அங்கே முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் தரவைத் தாங்களே ஆராய்ந்தார்களா என்று அவள் கேட்க வேண்டும். கேட்கச் சங்கடப்படக் கூடாது.

எரிக் பெட்ஸிக் என்பவரின் கதையை அவளிடம் சொல்லுங்கள். 1873-இல் எர்ன்ஸ்ட் அபே, ஒளி நுண்ணோக்கியால் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்றார். அந்த எல்லை சுமார் 200 நானோமீட்டர். அந்த எல்லையைத் தாண்ட முயன்ற பெட்ஸிக், 1990களின் நடுவில் மனம் சலித்து ஆய்வையே விட்டுவிட்டுத் தன் அப்பாவின் இயந்திர நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிறகு நண்பர் ஹெரால்டு ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் இருவரும் சேர்ந்து ஒரு நுண்ணோக்கியைக் கட்டினார்கள். ஒளிரும் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக ஒளிரவைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கும் முறை. 2006-இல் வெளியிட்டார்கள். 2014-இல் ஸ்டெஃபன் ஹெல், வில்லியம் மோர்னர் இருவரோடும் பெட்ஸிக்குக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்காக இதைச் சொல்லவில்லை. பரிசு யாருக்கோ எப்போதோ வருவது. ஆய்வு வேலை இல்லாமல் இருந்த காலத்திலும் அவர் கையை விட்டுத் தொழில் போகவில்லையே, அதற்காகச் சொன்னேன்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் மகளிடம் அதே ராஜர்ஸ் படத்தைக் கொடுத்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, திரையின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, வெள்ளையணுவின் நடுப்புள்ளியைக் குறிக்கச் சொல்லுங்கள். அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது: மனிதச் சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை வைத்து வெள்ளையணு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமீட்டர் போகிறது என்று அவள் கணக்கிடட்டும். இப்படிப்பட்ட வெள்ளையணு வழக்கமாக நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான் ஊரும். இந்த எண்ணை மட்டும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அவளே தேடிக் கண்டுபிடிக்கிறாளா, தன் விடை அதைவிடப் பல மடங்கு வந்திருந்தால், "இந்தப் படத்தை வேகம் கூட்டி ஓட்டியிருப்பார்களோ?" என்று அவளாகவே கேட்கிறாளா என்று பாருங்கள். கேட்டால் எனக்கு எழுதுங்கள். எந்தெந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.